விளக்குக் கரி முதல் லேசர் மை வரை

சமண மரபில் ஆதிபகவனாகிய ரிஷபதேவர் மக்களுக்குக் கற்பித்த தொழில்கள் ஆறு என்பார்கள். அசி, மசி, கிருஷி, வித்யை, வாணிஜ்யம், சில்பம் என்று 9ஆம் நூற்றாண்டில் ஜினசேனர் இயற்றிய ஆதிபுராணம் அவற்றை வரிசைப்படுத்துகிறது. அசி என்பது வாள். கிருஷி என்பது உழவு. இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மசி என்பது மை, அதாவது எழுத்துத் தொழில். வாளுக்கு அடுத்தபடி, ஏருக்கும் முன்னால் மையை வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, மாட்டுங்காவில் காகிதமும் அச்சு மையும் விற்று நாற்பது ஆண்டு ஓட்டியவன் நான். மசியை வாணிஜ்யம் செய்து பிழைத்தவன் என்று சொன்னால் ஆறில் இரண்டு எனக்குச் சேரும்.

சில மாதங்களுக்கு முன் உறவினர் பேரன் ஒருவன், செம்பூரில் பொறியியல் படிப்பவன், "தாத்தா, இப்பல்லாம் லேசர் வச்சு கரி மை செய்யறாங்க, தெரியுமா?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்த கரி மை டப்பாவில் வருவது, விரலில் பட்டால் மூன்று நாள் போகாதது. லேசருக்கும் கரிக்கும் என்ன சம்பந்தம் என்று தேடப்போய், கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, இது புதுக்கதை அல்ல, நம் வீட்டு விளக்கில் தொடங்கிய பழங்கதையின் கடைசி அத்தியாயம் என்று பட்டது. அந்தக் கதையை நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளக்கின் மேல் படிந்த நுண்பொடி

நம் வீடுகளில் கண் மை செய்யும் முறை பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து, நிழலில் காயவைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். சுடருக்கு மேலே சட்டியைக் கவிழ்த்து வைத்தால் அடியில் கரி படியும். அதை வழித்து விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் மை. வேலை அவ்வளவுதான். ஆனால் உள்ளே நடப்பது சாதாரணமானதல்ல. எண்ணெய் முழுவதும் எரிந்துவிட்டால் புகை வராது. காற்று போதாத இடத்தில் எண்ணெயின் ஒரு பகுதி எரியாமல் சிதைந்து, கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மிகச் சிறிய உருண்டைகளாகின்றன. புகைக்கரியில் இந்த உருண்டைகளின் குறுக்களவு பெரும்பாலும் சில பத்து நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நூறு நானோமீட்டருக்குக் கீழே உள்ள துகளை நானோத்துகள் என்று இன்றைய விஞ்ஞானம் அழைக்கிறது. அந்த இலக்கணப்படி நம் பாட்டிமார் சட்டியில் வழித்தது நானோத்துகள்தான். இதை வைத்துக்கொண்டு "அன்றே நம்மவர்கள் நானோ தொழில்நுட்பம் கண்டார்கள்" என்று மேடையில் பேசுவோர் உண்டு. 2020இல் கீழடிப் பானை ஓடுகள் பற்றி வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஓட்டின் உட்புறக் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோக்குழாய்கள் இருப்பதாகவும், ஓடுகள் கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றும் அதில் எழுதினர். நமக்குப் பெருமைதான். ஆனால் குயவர் பானையைத்தான் சுட்டார், குழாய் செய்ய அவர் நினைக்கவில்லை. தெரியாமல் அமைந்ததற்குப் பட்டம் கொடுத்துவிட்டு, தெரிந்தே செய்ததை மறந்துவிடக்கூடாது. நம் முன்னோர் தெரிந்தே செய்தது என்ன? கரியைத் துகளாக்கியது அல்ல, அதை மீண்டும் கட்டியாகாமல் தடுத்து, எழுத்தில் நிறுத்தியது. இந்தக் கட்டுரைக்கு அதுவே உயிர்நாடி.

தெற்கே கீறினார்கள், வடக்கே தீட்டினார்கள்

தமிழ்நாட்டில் பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுதினார்கள். கீறிய எழுத்து ஓலையின் நிறத்திலேயே இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் மேலே மை தடவுவார்கள். வசம்பு, மஞ்சள், மணத்தக்காளிச் சாறு, கோவையிலைச் சாறு, மாவிலைக் கரி, விளக்குக் கரி என்று ஊருக்கு ஊர் கைப்பக்குவம் மாறும். தடவித் துடைத்தால் மேல்தளத்தில் உள்ளது போய்விடும், கீறலுக்குள் போன கரி மட்டும் நிற்கும். திண்ணைப் பள்ளியில் பிள்ளைக்குப் புதுச் சுவடி கொடுக்கும்போது மஞ்சளும் மையும் பூசிக் கொடுப்பதற்கு மையாடல் என்று பேர்.

வடக்கே வழக்கம் வேறு. குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் உள்ள சமண நூல்நிலையங்களில் தாளிப்பனை ஓலையில் கோலால் மை தொட்டே எழுதியிருக்கிறார்கள், கீறவில்லை. வியாபார விஷயமாக குஜராத் போனபோது பாட்டனில் ஹேமசந்திராசாரியர் ஞான பண்டாரத்தைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. எண்ணூறு ஆண்டு தாண்டிய ஓலைகள். எழுத்து நேற்று எழுதியதுபோல் கறுப்பாக இருந்தது. மை விற்பவன் கண்ணால் பார்த்தேன். எந்தச் சாய மைக்கும் இந்த ஆயுள் கிடையாது.

காரணம் எளிது. சாயம் என்பது சிக்கலான மூலக்கூறு. வெளிச்சம் பட்டால் உடையும், வெளுக்கும். கரி அப்படி இல்லை. அது எரிந்து மிஞ்சியது. வெயிலும் ஈரமும் காற்றும் அதை ஒன்றும் செய்வதில்லை. மீண்டும் நெருப்பில் போட்டால்தான் போகும்.

இந்தக் கரியின் தயவில்தான் நம் இலக்கியம் பிழைத்தது என்பதைத் தமிழ்ச் சமணர்கள் நன்றாக அறிவோம். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்தார். அதற்காகப் பல ஊர்களில் ஏடு தேடினார். கும்பகோணத்துச் சமணர்களிடம் போய், அவர்கள் மரபாகப் படித்துவந்த பொருளைக் கேட்டுத் தெளிந்தார். ஓலைக் கீறலில் இருந்த விளக்குக் கரி, காகிதத்தில் அச்சு மைக் கரியாக இடம் மாறியது. எழுத்து ஒன்றுதான், கரியும் ஒன்றுதான். நடுவில் மாறியது கரியைத் தாங்கும் பொருள் மட்டுமே.

பிசினின் வேலை

விளக்குக் கரியை வெறும் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். கொஞ்சம் மிதக்கும், கொஞ்சம் அடியில் தங்கும், எழுதினால் திட்டுத்திட்டாக வரும். கரித்துகள் ஒவ்வொன்றும் பக்கத்துத் துகளை இழுத்துக் கட்டியாகிவிடுகிறது. தண்ணீரோடு அதற்கு ஒட்டில்லை. இதில் கருவேலம் பிசினையோ வேப்பம் பிசினையோ கரைத்து, அம்மியில் அரைப்பதுபோல் நாள்கணக்கில் அரைத்தால் மை பட்டுப்போல் இழையும். பிசின் வெறும் பசை என்று நானும் நெடுநாள் வியாபாரம் செய்தேன், பெரும்பாலான வியாபாரிகளும் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் பிசினின் நீண்ட மூலக்கூறுகள் ஒவ்வொரு கரித்துகளையும் சுற்றி மயிர்க்காலிட்டதுபோல் படிந்து, ஒன்று மற்றொன்றை நெருங்காமல் தள்ளிவைக்கின்றன. எகிப்திய எழுத்தர்கள் கரியோடு பிசின் சேர்த்ததன் தத்துவத்தை, 1991இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு அறிஞர் டி ஜென் பாமரருக்கும் புரியும்படி விளக்கியிருக்கிறார்.

சீனர்கள் பைன் மரக் கரியோடு விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரத்தைச் சேர்த்துக் கட்டி மை செய்தார்கள். அதைத்தான் ஆங்கிலேயன் 'இந்தியன் இங்க்' என்றான். வந்த வழியை வைத்து வைத்த பேர். சமணச் சாதுக்கள் வஜ்ஜிரத்தைத் தொடமாட்டார்கள் அல்லவா? ஆகவே இங்கே மரப்பிசின் நின்றது. முனி புண்யவிஜயர் 1930களில் குஜராத்தியில் எழுதிய சமண எழுத்துக்கலை நூல், கரி, பிசின், போளம், கரிசலாங்கண்ணிச் சாறு என்று மைப் பக்குவங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. நம் வீட்டுக் கண் மையில் இருந்த அதே கரிசலாங்கண்ணி!

இன்னொரு வகை மையும் இருந்தது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்வது. எழுதும்போது அழகாகக் கறுக்கும், தாளில் ஊறும். ஆனால் அதில் உள்ள அமிலமும் இரும்பும் காலப்போக்கில் தாளையே அரித்துவிடும். ஐரோப்பிய நூல்நிலையங்களில் எழுத்து இருந்த இடம் ஓட்டையான தாள்கள் ஏராளம். கரி மை தாளைத் தின்னாது, தானும் சாகாது. அஹிம்சை என்ற சொல்லை மைக்கும் பொருத்தலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பம்பாயும் அச்சு மையும்

அச்சு வந்தபோது தண்ணீர் மை உதவவில்லை, உலோக எழுத்தில் நிற்காமல் வழிந்தது. ஐரோப்பாவில் ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சி இறுக்கி, அதில் விளக்குக் கரியைக் குழைத்தார்கள். தமிழில் 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும், 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சகத்தில் வந்த நூல்களும் இந்த அச்சுமுறையில் பிறந்தவையே.

நம் பம்பாய்க்கும் இதில் பங்கு உண்டு. பண்டாரி சமூகத்தைச் சேர்ந்த கணபத் கிருஷ்ணாஜி என்பவர், அமெரிக்கப் பாதிரிமார்களின் அச்சகத்தைப் பார்த்துவிட்டு, தாமே அச்சு இயந்திரம் கட்டி, தாமே மையும் செய்து, 1831இல் மராத்திப் பஞ்சாங்கத்தை அச்சிட்டார். அச்சு மையில் விலங்குக் கொழுப்பு இருக்கும் என்று அஞ்சி, வைதிகர்கள் அச்சிட்ட தாளைத் தொடத் தயங்கிய காலம் அது. அதற்காக நெய் சேர்த்த மையால் அச்சிட்டார்கள் என்பது பம்பாய் அச்சு வரலாற்றில் வழங்கும் செய்தி. கரியில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, கரியைத் தாங்கும் பொருளில்தான் ஆட்சேபம். மீண்டும் அதே விஷயம்.

பிறகு பெருந்தொழிலாக வந்தது கார்பன் பிளாக். எண்ணெயைச் சூளைக்குள் குறைந்த காற்றில் தெளித்து எரித்து, சட்டென்று தண்ணீர் அடித்துக் குளிரவைத்துக் கரிப்பொடி எடுக்கிறார்கள். விளக்கின் மேல் சட்டி கவிழ்த்த வேலைதான், பிரம்மாண்டமாக. இந்தியாவில் 1960இல் பிலிப்ஸ் கார்பன் பிளாக் நிறுவனம் தோன்றியது, துர்காபூரில் ஆலை வந்தது. உலகம் முழுக்க ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் இந்தக் கரி உற்பத்தியாகிறது. பெரும்பகுதி லாரி, கார் டயருக்குப் போய்விடும். நாம் படிக்கும் செய்தித்தாளுக்கு வருவது அதில் சிறு பங்கு.

இந்தப் பொடி மூட்டையைப் பிரிக்கும்போது அவஸ்தை பெரிது. காற்றில் எழும்பும், மூக்கில் ஏறும், துப்பினால் கறுப்பு. மை அரைக்கும் பட்டறையில் ஒரு நாள் இருந்தால் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கார்பன் பிளாக்கைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயப் பட்டியலில் வைத்திருக்கிறது. புகைபோக்கியில் சேரும் அழுக்குக் கரியை ஐயத்துக்கு இடமின்றி உண்டாக்கும் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. கரி தாளில் இருக்கும்வரை சாது, நுரையீரலில் புகுந்தால் அல்ல. தாராவி போன்ற இடங்களில் சிறு அறைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல.

லேசர் எங்கிருந்து வந்தது

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அலுவலகங்களில் இருக்கும் லேசர் பிரிண்டர் வேறு. 1969இல் செராக்ஸ் நிறுவனத்தில் கேரி ஸ்டார்க்வெதர் உருவாக்கிய அந்த முறையில் லேசர் ஒளி உருளையின் மேல் எழுத்தை வரைகிறது. டோனர் பொடியில் உள்ள கரி சூளையில் செய்ததே. நாம் பேசுவது கரித்துகளையே லேசரால் செய்வது.

முதல் லேசரை அமெரிக்காவில் மெய்மன் 1960இல் மாணிக்கக் கல்லை வைத்து இயக்கினார். அதற்குச் சில ஆண்டுகளுக்குள், 1960களின் நடுவிலேயே, நம் செம்பூருக்குப் பக்கத்தில் ட்ராம்பே அணுசக்தி நிலையத்தில் குறைக்கடத்தி லேசர் செய்துவிட்டார்கள். செம்பூர், அணுசக்தி நகர் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்ட இடம் அது. அங்கே இப்படியொரு வேலையும் நடந்தது என்பது அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

கரியும் லேசரும் பெரிய அளவில் சந்தித்தது 1985இல். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் க்ரோட்டோ, ஸ்மாலி, கர்ல் ஆகியோர் கிராஃபைட் தட்டின் மேல் லேசர் அடித்து ஆவியாக்கினார்கள். நாம் பென்சில் காரீயம் என்கிறோமே, அதுதான் கிராஃபைட், ஈயமல்ல, கரி. அந்த ஆவியில் 60 கார்பன் அணுக்கள் பந்துபோல் கூடிய புது மூலக்கூறு கிடைத்தது. 1996இல் மூவருக்கும் நோபல் பரிசு வந்தது.

ஆனால் மைக்கு நேராக வழிகாட்டிய வேலை, மும்பையிலிருந்து டெக்கான் குயினில் மூன்றரை மணி தூரத்தில், பூனா பல்கலைக்கழக இயற்பியல் துறையில் நடந்தது. பாட்டீல், ஓகலே, கானேட்கர், பிடே முதலியோர் அடங்கிய குழு, இரும்பைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்து அதன்மேல் லேசர் துடிப்பை அடித்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்து 1987இல் வெளியிட்டது. திரவத்துக்குள் வைத்து லேசரால் புதுப்பொருள் ஆக்கும் துறைக்கு முன்னோடி என்று இன்று உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் வேலை இது. 1992இல் ஓகலே, மால்ஷே முதலியோர் பென்சீன் திரவத்தில் கிராஃபைட்டை வைத்து மாணிக்க லேசரால் அடித்து நுண்ணிய வைரத்துகள்கள் கிடைத்ததைக் காட்டினார்கள். கரி வைரமானது! 2006இல் அமெரிக்காவில் க்ளெம்சன் பல்கலைக்கழகத்தில் யா-பிங் சன் குழுவினர் லேசரால் கிராஃபைட்டிலிருந்து எடுத்த துகளுக்கு மேற்பூச்சு கொடுத்து, ஒளிரும் கார்பன் புள்ளிகளைச் செய்தார்கள். கறுப்புக்கே பேர்போன கரி, புற ஊதா ஒளியில் வண்ணம் காட்டியது.

மை செய்யும் விதம்

கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர். அடியில் ஒரு கிராஃபைட் வில்லை. மேலிருந்து வில்லை வழியாக, அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக, லேசர் ஒளியைக் கிராஃபைட்டின் மேல் ஒரு புள்ளியாகக் குவிக்கிறார்கள். ஒளி தொடர்ந்து பாய்வதில்லை. துடிப்புத் துடிப்பாக விழுகிறது. ஒரு துடிப்பின் நேரம் ஒரு விநாடியின் நூறு கோடியில் சில பங்குதான். அந்த நொடிக்குள் புள்ளியில் இருக்கும் கரி பல்லாயிரம் டிகிரிக்குச் சூடேறி ஆவியாகிறது. சுற்றிலும் தண்ணீர் அழுத்திப் பிடித்திருப்பதால் ஆவி ஓடமுடியாது. ஒரு குமிழி வீங்கி உடைகிறது. ஆவி சட்டென்று குளிர்ந்து, சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை உள்ள துகள்களாகத் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. நேரம் ஆக ஆகத் தெளிந்த நீர் இளம்பழுப்பாகி, பின் கறுக்கிறது.

இதில் இரண்டு விசேஷம். முதலாவது, துகள் பிறக்கும்போதே தண்ணீரில் பிறக்கிறது. பொடியாகக் காற்றில் எழும்புவதே இல்லை. இரண்டாவது, துகளின் மேற்பரப்பில் ஆக்ஸிஜன் ஒட்டி மின்னேற்றம் பெறுகிறது. ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? அதனால் பல நேரம் பிசின் இல்லாமலேயே துகள்கள் பிரிந்து நிற்கின்றன. எகிப்தியனும் நம் ஏடெழுதியும் பிசினால் சாதித்ததை, இங்கே மின்னேற்றம் சாதிக்கிறது.

இன்க்ஜெட் அச்சுக்கு இது மிகவும் வேண்டியது. அதன் மூக்குத் துளை மயிரிழையை விட மெல்லியது. துகள் கட்டியானால் அடைத்துக்கொள்ளும். பிறகு அச்சகக்காரர் யாரைத் திட்டுவார்? மை கொடுத்த வியாபாரியைத்தான். தேவையான அளவு தண்ணீரை வற்றவைத்து, கிளைகால் போன்ற திரவம் கொஞ்சம் சேர்த்துக் குழகுழப்பைச் சரிசெய்து, வடிகட்டினால் அச்சடிக்கத் தயார்.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

கல்யாணப் பத்திரிகை அடிக்க நாளைக்கே லேசர் மை வருமா என்றால், வராது. அளவு போதாது, மின்சாரச் செலவு அதிகம். 2016இல் ஜெர்மனியில் மிக வேகமான லேசரை வைத்து உலோக நானோத்துகளை மணிக்கு 4 கிராம் வரை எடுத்ததே பெரும் சாதனையாகப் பேசப்பட்டது. ஒரு கோடி டன் எங்கே, நாலு கிராம் எங்கே!

அதன் இடம் வேறு. கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மையால் மின்சுற்றே வரையலாம். புதுமையாகத் தெரியும், ஆனால் நம் வீட்டிலேயே இருக்கிறது. தொலைக்காட்சி ரிமோட்டின் பொத்தானுக்கு அடியில் உள்ள கறுப்பு வட்டம் கரிதான். சர்க்கரை பார்க்க விரலில் குத்தி ரத்தம் வைக்கிறோமே, அந்தப் பட்டைகள் பலவற்றில் மின்முனை கரி மையால் அச்சடிக்கப்பட்டது. நம் கூட்டத்தில் அந்தப் பட்டையைத் தெரியாதவர் எத்தனை பேர்! இதுபோன்ற உணரிகளுக்குச் சுத்தமான, ஒரே அளவான, வேறு ரசாயனம் கலவாத துகள் வேண்டும். அங்கே லேசர் கரி உதவும். புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் கார்பன் புள்ளி மையைக் கள்ளத்தைத் தடுக்கும் முத்திரையாக அச்சிடும் ஆய்வுகளும் நடக்கின்றன.

எதிர்த்திசையில் ஒரு முயற்சியும் சொல்லத்தக்கது. அனிருத் சர்மா என்ற இந்திய இளைஞர் எம்.ஐ.டி.யில் படித்தபோது புகைக்கரியை மையாக்க முனைந்தார். அவர் தொடங்கிய பெங்களூர் நிறுவனம் கிராவிகி லேப்ஸ், வண்டி, ஜெனரேட்டர் புகையில் வரும் கரியைப் பிடித்துச் சுத்திகரித்து 'ஏர் இங்க்' என்ற மையாக்கியது. 2016இல் ஹாங்காங் தெருச் சுவர்களில் ஓவியர்கள் அதைத் தீட்டினார்கள். லேசர் முறை தூய கரியிலிருந்து தொடங்குகிறது, இவர்கள் நகரத்து அழுக்கிலிருந்து தொடங்கினார்கள். மும்பையின் சுவாசத்தை நினைத்தால் இரண்டாவது வழியும் வாழட்டும் என்றே சொல்லத் தோன்றுகிறது.

நம் வீட்டு ஏடுகள்

இத்தனையும் ஏன் எழுதுகிறேன்? நம்மில் பல குடும்பங்களுக்கு ஊரில் பூட்டிய வீடு இருக்கிறது. பரணில் ஒரு கட்டு ஏடு இருக்கலாம். ஜாதகமோ, வைத்தியமோ, நிலக்கணக்கோ, இலக்கியமோ தெரியாது. பிரித்துப் பார்த்தால் வெறும் ஓலைபோல் இருக்கும். "ஒண்ணுமில்லை, எழுத்தெல்லாம் அழிஞ்சுபோச்சு" என்று எறிந்துவிடுகிறார்கள். அப்படி ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன ஏடுகளுக்குக் கணக்கில்லை.

எழுத்து அழியவில்லை. கரி உதிர்ந்திருக்கிறது. கீறல் அப்படியே இருக்கிறது. முறை தெரிந்தவர் மீண்டும் கரி பூசினால் எழுத்து எழுந்து வரும். ஆனால் வீட்டில் நாமே மஞ்சளும் எண்ணெயும் தடவி விளையாடக்கூடாது. பொடிந்த ஓலை கையோடு வரும். சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆகிய இடங்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பரணைப் பாருங்கள். வடக்கே திகம்பர சமணர்கள் சுருத பஞ்சமி அன்று சுவடிகளைத் தூசி தட்டிப் புதுத்துணி சுற்றுவார்கள். எந்தச் சமயத்தவரானாலும் ஆண்டுக்கு ஒரு நாள் அப்படி வைத்துக்கொள்ளலாம்.

மையால் எழுதியது மங்கியிருந்தாலும் கவலை வேண்டாம். கரி அகச்சிவப்பு ஒளியை விழுங்கும். சாக்கடல் சுருள்களில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை அகச்சிவப்புப் படமெடுத்துத்தான் வாசித்தார்கள். ஈராயிரம் ஆண்டு மண்ணில் கிடந்தாலும் கரி தன் வேலையை விடவில்லை.

இனி எழுதுவதற்கும் ஒரு வார்த்தை. குடும்ப வரலாறு, தாத்தா பாட்டி பெயர், ஊர், கோவில் என்று எதையாவது பிள்ளைகளுக்காக எழுதி வைத்தால் கரி மையில் எழுதுங்கள். அச்சிட்டால் சாய மை வேண்டாம், நிறமி மை வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும். நான் வியாபாரி, எனக்கு லாபம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. தமிழ்நாட்டை விட்டு வந்து மூன்றாம் தலைமுறை ஆகிறது. பேரன் பேத்திகளில் பலர் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரியாது. அவர்கள் என்றைக்காவது படிக்க ஆசைப்படும் நாளில் எழுத்து அங்கே இருக்க வேண்டும். கரி காத்திருக்கும். படிக்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு நம்முடையது.

வாழிய செந்தமிழ்!